இறங்கும் வழி

உங்கள் கண்ணாடி வலப்பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். போட்டிருப்பவருக்கு அது தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் மூக்கில் கோணல் எதுவும் இல்லை, கவலைப்படாதீர்கள். ஃபிரேமில்தான் கோணல். காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் கொஞ்சம் சூடு காட்டி அழுத்தினால் சரியாகிவிடும். என் கடைக்கு வந்திருந்தால் வாசலில் நிற்கவைத்தே செய்து அனுப்பியிருப்பேன்.

என்னை மிரட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. நேற்று அந்த இன்னொரு அதிகாரி மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். அவருக்குக் கைதான் வலித்திருக்கும். நீங்கள் தண்ணீர் கொடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "நடந்ததைச் சொல்லுங்க" என்றீர்கள். அப்படிக் கேட்டால் நான் சொல்வேன். வரிசையாகவே சொல்கிறேன்.

அப்பா போனபோது என் தம்பிக்கு மீசை முளைத்திருக்கவில்லை. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். அப்போது நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் இருந்தேன். பிறகு அதே தெருவில் சொந்தக் கடை போட்டேன். முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் அவனுக்கு ஒரு அறை. எல்லோரும் அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். தலை நரைத்த பிறகும் அவன் சின்னவன்தான். கல்யாணம் அவனுக்குக் கூடிவரவில்லை. ஒரு பேக்கரியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் ரொட்டி வாசனை முன்னால் வரும், அவன் பின்னால் வருவான். கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன் என்று ஊரில் சொல்வார்கள். என் தொழிலுக்குப் பொருத்தமாகத்தான் சொன்னார்கள்.

என் மனைவியை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மழலையர் பள்ளியில் ஆசிரியை. மதியத்தோடு பள்ளி முடிந்துவிடும். குழந்தைகளிடம் பேசிப் பேசி, பெரியவர்களிடமும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

முதலில் நடந்தது, சின்னவன் வேன் ஓட்டுவதை விட்டதுதான்.

"முதுகு வலி அண்ணே. இனிமே பேக்கிங் செக்‌ஷன்ல உட்கார்ந்துக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றான்.

சரி என்றேன். பேக்கிங் வேலை விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும். என் மனைவியின் பள்ளியும் அப்படித்தான். இரண்டு பேருடைய மதியமும் ஒரே சமயத்தில் காலியாகிவிட்டது. நான் அதை இதோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் பார்க்கவில்லை.

எதிர்க்கடையில் ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். ஊர் நூலெல்லாம் அவள் ஊசியில்தான் ஓடும். ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கேட்டு வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்: "உங்க வீட்டம்மாவும் தம்பியும் பஸ்ல போறதைப் பார்த்தேனே. ஏதாவது விசேஷமா?"

"ஒரு வேலையா அனுப்பினேன்" என்றேன். என் வாயில் அந்தப் பொய் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவியிடம், "மத்தியானம் எங்கேயாவது போனியா?" என்று கேட்டேன்.

"எங்க போறது? துணி துவைச்சேன், கொஞ்ச நேரம் கண்ணசந்தேன்" என்றாள்.

குரல் மாறவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் என்று நான் நினைத்திருந்தேன். நன்றாகவே சொன்னாள். எதிரே சின்னவன் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொய்கூடப் பெரிதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பழகிய பொய்யாக அது இருந்ததுதான் என்னைச் சுட்டது.

அதற்குப் பிறகு நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்ப்பதுதானே என் தொழில். ஒரு மதியம் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். சாலையைக் கடக்கும்போது அவள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். வீட்டருகே வந்ததும் கையை எடுத்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் அவன் ஒரு முறை தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டான். அவன் சொல்வதற்கு முன்பே அவள் எழுந்து துடைத்தாள். துடைத்துவிட்டு, தட்டை அவன் கைப்பக்கமாக ஓர் அங்குலம் நகர்த்தி வைத்தாள். என் தட்டில் சாதம் இருக்கிறதா இல்லையா என்றுகூட அன்று அவள் பார்க்கவில்லை. அவன் கை எங்கே வரும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். உங்கள் தொழிலுக்கு அது சரி. வீட்டுக்குள் யாரை விசாரிப்பது? கூடப் பிறந்தவனையா, கூடப் படுப்பவளையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து உள்ளே போனேன். சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெரிய வரைபடம் விரிந்திருந்தது. மலைமேல் உள்ள ஏரிப் பூங்காவின் வரைபடம். நான் நுழைந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன, மாநாடா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லை அண்ணே. மலை ஏரிக்கு ஒரு நாள் நடந்து போயிட்டு வரலாம்னு. காலையில ஏறினா சாயங்காலம் இறங்கிடலாமாம்."

"ரெண்டு பேருமா?"

"மூணு பேரும்தான். நீ கண்டிப்பா வரணும் அண்ணே. கடையை ஒரு நாள் பூட்டினா ஊர் ஒண்ணும் குருடாயிடாது."

என் மனைவி அதற்குச் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

கண்டிப்பாக என்ற அந்தச் சொல்லை நான் பல நாள் மென்றுகொண்டிருந்தேன். நடப்பதே பிடிக்காத குடும்பம் நாங்கள். திடீரென்று மலை, ஏரி, ஒரு நாள் முழுக்க ஆளில்லாத இடம், அதற்கு நான் கண்டிப்பாக வர வேண்டும். செய்தித்தாள் படிக்கிறவன்தானே நானும். அங்கே என்னை உட்காரவைத்து எதையோ சொல்லப் போகிறார்கள், அல்லது சொல்லாமலே என்னை முடிக்கப் போகிறார்கள். இரண்டில் ஒன்று. நான் கோபப்படவில்லை. ஏற்பாடெல்லாம் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எந்த நாள், எந்த வழி, எதை எடுத்துப் போவது, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"உனக்கெதுக்கு அண்ணே சிரமம்?" என்றான்.

"உன்னைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு யாருடா மூட்டை கட்டி அனுப்பினது?" என்றேன். சிரித்தான்.

அந்த வாரமே ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு நான் மட்டும் மலைக்குப் போனேன். நடைபாதை தொடங்குகிற இடம் நன்றாகவே பராமரிக்கப்பட்டிருந்தது. வண்டி நிறுத்த ஒரு திடல், கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய், கூரை போட்ட ஒரு பெரிய பலகையில் வழிகள் வண்ண வண்ணமாக. பக்கத்தில் ஒரு சிறிய மர அறை. சன்னலுக்குப் பின்னால் பூங்காக் காவலர், ஒரு நடுவயதுப் பெண். சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் போலக் கேள்வி கேட்கிறவர்கள் அதிகம் வருவதில்லை போலிருக்கிறது. மகிழ்ச்சியோடு பதில் சொன்னாள்.

ஏரிக்கு இரண்டு வழிகள். ஒன்று பாறையைக் குடைந்து போட்ட படி வழி. குறுகலானது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், சில இடங்களில் கம்பி உண்டு, சில இடங்களில் இல்லை. இன்னொன்று பூங்கா ஜீப் போகிற மண் பாதை. சுற்று வழி, ஆனால் அகலம்.

"யாரெல்லாம் வர்றீங்க?" என்று கேட்டாள்.

"நான், என் மனைவி, தம்பி. எல்லாம் நடுவயசு தாண்டினவங்க."

"அப்ப ஏறுறதுக்குப் படி வழி போங்க, அழகா இருக்கும். இறங்குறதுக்கு ஜீப் பாதையில வந்துடுங்க. ஏறுறப்ப கால்தான் வலிக்கும், இறங்குறப்பதான் ஆளே விழுவாங்க. அடுத்த படி எங்க இருக்குன்னு கண்ணு சரியா சொல்லலைன்னா முடிஞ்சுது."

அவளுக்கு நன்றி சொன்னேன். உண்மையான நன்றிதான். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை, அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. என் தம்பியின் கண்ணாடி பழசாகிவிட்டது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன்: "மலைக்குப் போறோம். இந்தக் கீறல் விழுந்த கண்ணாடியோடயா வருவே? புதுசு போட்டுத் தர்றேன். நாளைக்குக் கடைக்கு வா, கண்ணைப் பார்த்துடலாம்."

சின்னவன் பதில் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "எதுக்குங்க இப்போ? இருக்கிறதே நல்லாத்தானே இருக்கு."

அவளுக்கு என்ன அவசரம் என்று நினைத்தேன். என் சந்தேகத்துக்கு அது இன்னொரு கவளம் சோறு. சின்னவன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "சரி அண்ணே, வர்றேன்" என்றான்.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் பின்னால் ஓர் இருட்டறை இருக்கிறது. எழுத்துப் பலகைக்கு மட்டும் வெளிச்சம். அவனை உட்காரவைத்தேன். எழுத்துகளைச் சரியாகப் படித்தான். பிறகு வழக்கம்போல, நேரே என் மூக்கைப் பார்த்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஒரு விரலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தேன். விரல் தெரியும்போது சொல்ல வேண்டும். சாதாரண ஆள் கை காதுக்கு நேராக இருக்கும்போதே சொல்லிவிடுவான்.

"தெரியுது" என்றான்.

நான் அப்போது விரலை எடுத்து மடியில் வைத்திருந்தேன்.

இன்னொரு பக்கம் பார்த்தேன். அங்கும் ஊகித்துத்தான் சொன்னான். கருவியை எடுத்துக் கண்ணுக்குள் பார்த்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் கண்களுக்குள் பார்த்தவனுக்கு அது என்னவென்று தெரியாமல் போகாது. கண்ணின் பின்திரை ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டு வரும் நோய் அது. பார்வை நாளுக்கு நாள் சுருங்கும். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல ஆகும், பிறகு குழாயும் அடைத்துக்கொள்ளும். மருந்து கிடையாது.

அந்த இருட்டில் எனக்கு எல்லாம் விளங்கியது. வேனை விட்டது, பஸ் பயணம், முழங்கை, டம்ளர், நகர்த்தி வைத்த தட்டு. ஊருக்கு அந்தப்பக்கம் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்த பஸ் அங்கேதான் போகிறது. அவர்களுக்குள் நான் நினைத்தது எதுவும் இல்லை.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள். நானும் அதற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து ஆட்கள் என்னிடம் கண் காட்ட வருகிறார்கள். என் தம்பி, நான் வளர்த்தவன், தன் கண்ணை வேறு எங்கோ கொண்டுபோய்க் காட்டுகிறான். துணைக்குக் கூட்டிப்போக அவனுக்கு என் மனைவி கிடைத்தாள், நான் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் என் மேசையில், என் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கள்ள உறவாக இருந்திருந்தால் ஊரில் நடக்காததா என்று ஆறியிருப்பேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. இதற்குப் பெயர்கூட இல்லை.

இன்னொன்றும் யோசித்தேன். இன்றைக்கு முழங்கை. நாளைக்கு அவனுக்கு முழுதாகத் தெரியாமல் போகும்போது, காலை முதல் இரவு வரை அவள் கை அவனுக்கு வேண்டும். இரக்கம் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? நான் நினைத்தது நடக்கவில்லை என்பது சரி. இன்னும் நடக்கவில்லை என்றும் சொல்லலாம் அல்லவா?

விளக்கைப் போட்டேன்.

"பவர் கொஞ்சம் கூடியிருக்கு. படிக்கிறதுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியா போட்டுடறேன்" என்றேன்.

"வேற ஒண்ணுமில்லையே அண்ணே?"

"ஒண்ணுமில்லை."

அவன் முகம் தெளிந்தது. என்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்து ஒரு சிரிப்பு சிரித்தான். அதை என்னால் மறக்க முடியவில்லை.

நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே தூரம் பார்க்க, கீழே படிக்க என்று ஒரே லென்ஸில் இரண்டு பவர் வைத்த கண்ணாடி. உங்கள் வயதில் பலர் போடுவதுதான். படிக்கிற பகுதி கண்ணுக்கு நன்றாகக் கீழே, கீழிமையை ஒட்டி இருக்க வேண்டும். அதை நான் கருவிழிக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்தி வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்தால் உலகம் தெளிவாக இருக்கும். ஏறும்போதும் தொந்தரவு இல்லை, அடுத்த படி முகத்துக்கு நேராக வருகிறது. இறங்கும்போது காலைப் பார்க்க வேண்டும். அப்போது தரை மங்கும், இருக்கிற இடத்தைவிடச் சற்று மேலே எழும்பி வந்ததுபோலத் தோன்றும். பக்கப் பார்வை உள்ளவன் ஓரக்கண்ணால் சமாளித்துக்கொள்வான். அவனுக்கு ஓரம் கிடையாது. அதற்கு மேல், லென்ஸின் அச்சையும் ஓர் இழை திருப்பி வைத்தேன், சமதளம் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்து தெரிவதற்காக. தேய்க்கும்போது என் கை வழக்கம்போலத்தான் இருந்தது. நன்றாக வந்த வேலை அது.

புறப்பட்ட நாள் காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. ரொட்டி, வேகவைத்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்கில் டீ, எல்லாம் நானே கட்டி எடுத்திருந்தேன். வண்டி நிறுத்தும் திடலில் சின்னவனுக்குப் புதுக் கண்ணாடியைப் போட்டுவிட்டு, பழையதை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

"தெளிவா இருக்கு அண்ணே" என்றான், மலையைப் பார்த்து.

ஏறினோம். மனைவி முன்னால், அவன் நடுவில், நான் பின்னால். அவன் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே ஏறினான். இரண்டு இடங்களில் தடுமாறினான். மனைவி திரும்பிப் பார்த்தாள், நான் தாங்கிக்கொண்டேன். உச்சியில் மரங்கள் விலகி ஏரி வந்தபோது அவன் அப்படியே நின்றுவிட்டான். காற்று இல்லாத நேரம். எதிர்க்கரை மலை தலைகீழாகத் தண்ணீரில் கிடந்தது. அவன் தலையை மெல்ல இடமிருந்து வலமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவன் போல, ஒரு பட்டை விடாமல்.

சாப்பிட்ட பிறகு என் கையைப் பிடித்தான்.

"அண்ணே, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

எல்லாம் சொன்னான். நோயின் பெயர், டாக்டர் சொன்னது, இன்னும் கொஞ்ச காலம்தான் என்பது. என் மனைவி முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்றேன். எனக்குப் பதில் தெரிய வேண்டியிருந்தது.

"நீ தாங்க மாட்டே அண்ணே. ஊருக்கெல்லாம் கண்ணைத் திறந்து விடுறவன் நீ. உன் தம்பிக்கு உன்னால ஒண்ணும் பண்ண முடியலைன்னா நீ உடைஞ்சுபோயிடுவே. சொல்லிடுங்க, சொல்லிடுங்கன்னு அண்ணி தினமும் சண்டை போட்டாங்க. நான்தான் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன். கடைசியா இந்த ஏரியைப் பார்த்துட்டு, உன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோ."

அவனைக் கட்டிக்கொண்டேன். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. அவன் தோள்வழியாக ஏரியைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டவன், "ஒண்ணு அண்ணே, கீழே பார்த்தா தரை கொஞ்சம் எழும்பி வர்ற மாதிரி இருக்கு" என்றான்.

"புதுசு இல்லையா? பழகிடும்."

கடையில் நான் எல்லோருக்கும் சொல்லும் சொல்தான் அது.

"பழைய கண்ணாடியை எடுத்துட்டு வந்தீங்களே, அதைக் கொடுங்களேன்" என்றாள் மனைவி.

"அதை வண்டியிலேயே வச்சுட்டேன்" என்றேன். பை என் தோளில்தான் இருந்தது.

"அப்ப ஜீப் பாதையில இறங்கிடலாங்க."

"அது ரொம்பச் சுத்து. மழை வரும் போலிருக்கு. நீ முன்னாடி போ, அவனை நான் பிடிச்சுக்கிறேன்."

மேகம் கொஞ்சம் இருந்தது. மழை மேகம் இல்லை. அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, இனி என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்ற நிம்மதியில் போலிருக்கிறது, அவன் முழங்கையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள். ஆமாம், அவளேதான் கொடுத்தாள்.

நான் அவனைத் தள்ளவில்லை. அதைத் திருத்தமாக எழுதிக்கொள்ளுங்கள். கம்பி இல்லாத ஒரு திருப்பத்தில், "கொஞ்சம் இரு, ஷூ கயிறு அவிழ்ந்துடுச்சு" என்று கையை விட்டேன். அவன் நிற்கத்தான் செய்தான். நான் குனிந்திருந்தேன். கீழே திருப்பத்திலிருந்து மனைவி, "வர்றீங்களா?" என்று கேட்டாள். "வர்றோம் அண்ணி" என்று சொல்லிவிட்டு, காலைக் குனிந்து பார்த்து, தெரிந்த இடத்தில் அடி வைத்தான். தெரிந்த இடத்தில் படி இல்லை. அவன் கத்தவில்லை. மாடியிலிருந்து கூப்பிடுவது போல, "அண்ணே" என்றான், அவ்வளவுதான்.

கயிறு உண்மையில் அவிழ்ந்திருக்கவில்லை.

பூங்காக்காரர்கள் வந்து தூக்கினார்கள். அந்தச் சன்னல் பெண்மணி என்னைத் தேற்றினாள். கண் சரியில்லாதவர், இறங்குகிற வழி, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வீடு முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். எல்லோரும் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தவன் அல்லவா.

மனைவி மட்டும் அழவில்லை. பள்ளத்தில் கிடந்த கண்ணாடியை அவள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ஒரு லென்ஸ் உடையாமல் இருந்திருக்கிறது. ஒரு நாள் காலை கடையைத் திறக்கப் போகும்போது பார்த்தேன். மாடிப்படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியைப் போட்டிருந்தாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கால் படியைத் தேடிற்று. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்றைக்கு மதியம் அவள் அதே பஸ்ஸில் போனாள், தனியாக. அந்த லென்ஸைக் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

நேற்று அந்த இன்னொரு அதிகாரி எனக்கு ஒரு வழி காட்டினார். மேசையைத் தட்டிக் களைத்த பிறகு, "வயசாகுது, தம்பி பத்தின கவலை வேற, அளவு எடுக்கிறதுல கை தவறிப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றார். நல்ல மனிதர்தான். அதைச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்குக் கடையில் உட்கார்ந்திருப்பேன். இரவெல்லாம் யோசித்தேன். என்னால் முடியவில்லை. என் கையிலிருந்து போன எந்த லென்ஸும் ஓர் இழை பிசகியதில்லை. இதுவும் பிசகவில்லை. நான் எங்கே வைக்க நினைத்தேனோ அங்கேதான் வைத்தேன். தவறிவிட்டது என்று ஊர் பேச நான் விட மாட்டேன். அதனால்தான் இன்று உங்களிடம் வாய் திறந்தேன்.

என் மனைவி பக்கத்து அறையில் இருக்கிறாள் என்கிறீர்கள். என்னைப் பார்க்க மாட்டாளாம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறாளாம்: அவனுக்குக் கண் போய்க்கொண்டிருப்பது கண்ணாடி செய்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரியுமா, ஏரிக்கரையில்தான் தெரிந்ததா என்று.

ஏரிக்கரையில்தான் என்று சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சந்தேகத்தில் செய்துவிட்டார், கண்ணை மறைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. ஏரிக்கரையில் சொன்ன அந்தப் பழைய கண்ணாடி, மழை விஷயங்களைத் தவிர. முன்பே தெரியும் என்று சொல்லுங்கள். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான் லென்ஸைத் தேய்க்க உட்கார்ந்தேன். வேறு யாரும் செய்யவில்லை, நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லிவிடுங்கள். ஏரிக்கரையில் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான் அல்லவா, அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. அது அவள் மனதில் உறுத்திக்கொண்டிருக்கும். என்னிடம் மறைத்ததற்காக என் தம்பியை நான் மன்னித்துவிட்டேன்.